தேவாலா, பந்தலூர் ஓடைகளில் தங்கம் அரிப்பது: என்ன கிடைக்கும், சட்டம் இடம் தருமா?

கேள்வி: பந்தலூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டத்தில் தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் இடையே எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ் எல்லையை ஒட்டி ஓர் ஓடை ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வெள்ளம் வடிந்ததும், பெரிய பாறைகளின் மறைவில் ஒதுங்கிக் கிடக்கும் கருமணலில் மஞ்சள் துகள்கள் மின்னுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். முந்தைய தலைமுறைகளில் பழங்குடியினரான பணியர்களும் குறும்பர்களும் இந்த ஓடைகளில் மரவை எனும் மரத்தட்டு வைத்துப் பொன் அரித்ததாக ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் லண்டன் நிறுவனங்கள் பல வந்து குடைந்த சுரங்கங்களின் வாய்கள் இன்றும் புதர்களுக்குள் தெரிகின்றன.

பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை கூலிக்கும் உரத்துக்குமே சரியாகிவிடுகிறது. ஆகவே, வேலை குறைந்த மாதங்களில் இந்த மணலை அரித்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். மின்னுவது தங்கம்தானா என்பதை வீட்டிலேயே எப்படி உறுதி செய்வது? தங்கமே என்றால், ஒருவர் நாள் முழுவதும் அரித்தால் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? சொந்த நிலத்தை ஒட்டிய ஓடையில் அரிப்பதற்கும் அனுமதி வேண்டுமா? மேலும், பாதரசம் சேர்த்தால் நுண்துகள்கூடத் தப்பாது என்று நண்பர் ஒருவர் சொல்வதோடு, அதை வாங்கித் தரவும் முன்வந்திருக்கிறார். இவற்றைப் பற்றி அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: வெங்கச்சங்கல்

நான் புவியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் பகுதியில் தங்கம் இருக்கிறது என்பதில் ஐயமே வேண்டாம். அங்குள்ள பழைமையான நைஸ் பாறைகளை ஊடறுத்து வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்புகள் ஓடுகின்றன. தங்கம் அந்த நரம்புகளில்தான் இருக்கிறது. நீலகிரியின் மேற்குச் சரிவில் பெய்யும் பெருமழையில் பாறை மட்கிச் செம்மண்ணாகும்போது, மட்காத தங்கம் மட்டும் விடுபட்டு, மண்ணோடு சரிந்து ஓடைக்கு வந்து சேர்கிறது. அதே தங்கத்தின் மிக நுண்ணிய பகுதி பாண்டியாறு, புன்னம்புழா வழியாகச் சாலியாற்றுக்குப் போகிறது. கேரளத்தின் நிலம்பூர்ப் பகுதியில் ஆற்றுமணலைப் பலர் அரித்து வந்ததற்கும் காரணம் இதுதான்.

நீங்கள் பார்த்தது தங்கமா என்பதற்கு வருகிறேன். மணலில் மின்னுபவற்றில் மிகப் பெரும்பகுதி காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் அபிரகம்தான். அது தகடு தகடாக உரியும். தட்டைச் சுழற்றினால் நீரோடு எழுந்து முதலில் வெளியேறிவிடும். அடுத்தது பைரைட் எனப்படும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அது பித்தளை நிறத்தில் பட்டை பட்டையாக இருக்கும், ஊசியால் அழுத்தினால் நொறுங்கும், பொடித்தால் கரும்பொடியாகும். தங்கமோ ஊசி முனையில் நொறுங்காமல் குழியும். வெயிலில் மட்டுமன்றி நிழலிலும் ஒரே மஞ்சளாக இருப்பது இன்னொரு அடையாளம்; வெயிலில் மட்டும் பளபளத்து நிழலில் மங்கிப்போவது தங்கம் அன்று.

எடை இதைவிட நல்ல சான்று. நீரைப் போல் வெங்கச்சங்கல் சுமார் 2.65 மடங்கும், கருமணலில் உள்ள காந்தக்கல் சுமார் 5.2 மடங்கும் கனமானவை; தூய தங்கமோ 19.3 மடங்கு கனம். ஓடைத் தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதால் இந்த எண் சற்றுக் குறையுமே தவிர, வேறுபாடு அப்போதும் பெரியதுதான். ஆகவே மரவையைச் சாய்த்துச் சுழற்றும்போது வெண்மணல் போய், கருமணலும் பெரும்பாலும் போய், அதன் வாலில் நகராமல் கடைசியாக நிற்பது எதுவோ அதுவே தங்கம். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே நகர்த்தினால் காந்தக்கல்லைத் தனியே எடுத்துவிடலாம். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கையில் எண்ணெய்ப் பசை இருந்தால் மெல்லிய தங்கத் துகள் நீரில் நனையாமல் மேலே மிதந்து வழிந்துவிடும். ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டால் அது அடங்கும்.

இனி வருமானக் கணக்கு. ஒரு கன மீட்டர் ஓடைப் பரலில் 0.1 கிராம் தங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதை மோசமான படிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரவையை மட்டுமே நம்பி ஒருவர் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்தால், பழகிய கையாக இருந்தாலும் ஒரு கன மீட்டரை முடிப்பதே அரிது. அதாவது நாளுக்கு 0.1 கிராமுக்கும் குறைவு. ஒரு பவுன் சேர்க்க 80 கன மீட்டர், ஏறத்தாழ 140 டன் பரலைத் தோண்டி, சுமந்து, கழுவ வேண்டும். அதிலும் ஓடைப் படிவு எங்கும் சீராக இருப்பதில்லை. வளைவின் உள்பக்கத்திலும், அடிப்பாறையின் வெடிப்புகளிலும், வெள்ளம் வேகம் குறையும் இடத்திலும் மட்டுமே செறிந்திருக்கும். அந்தச் செறிவு முதல் சில நாள்களில் கொடுக்கும் கூடுதல் மகசூலை வைத்து ஆண்டுக் கணக்குப் போடுவதுதான் உலகெங்கும் சிறு தங்கத் தேடலில் இறங்குபவர்களை ஏமாற்றுகிறது.

பதில்: சட்டப்பிரிவு

அனுமதி குறித்து மட்டும் எழுதுகிறேன். சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1957, தங்கத்தை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. சாதாரண மணல், சரளை, கட்டடக் கல் போன்ற சிறு கனிமங்களுக்கு மாநில அரசு தன் விதிகளின்படி அனுமதி தருவதைப் போல, தங்கத்துக்கு வட்டாட்சியரோ ஊராட்சியோ அனுமதி தர முடியாது. உரிமமோ குத்தகையோ இன்றித் தேடுவதையும் எடுப்பதையும் 4ஆம் பிரிவு தடை செய்கிறது. எடுத்ததைக் கொண்டு செல்வதும் இருப்பு வைப்பதும்கூட அதே பிரிவில் வருகின்றன. மீறினால் 21ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், ஹெக்டேர் ஒன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கருவிகளையும் வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம். மரவைக்குத் தனி விலக்கு எதுவும் இல்லை.

2015 திருத்தத்துக்குப் பிறகு தங்கத்துக்கான குத்தகை ஏலத்தின் வழியாகவே தரப்படுகிறது. 2023 திருத்தம் ஆழத்தில் உள்ள கனிமங்களுக்கென்று புதிய ஆய்வு உரிமம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் தங்கமும் உண்டு என்றாலும், அதுவும் ஏலத்தில் பங்கேற்கும் நிறுவனங்களை எண்ணி எழுதப்பட்டதே தவிர, ஓடைக்கரை உழவரை எண்ணி எழுதப்பட்டதன்று.

"நிலத்தின் கீழுள்ள கனிமம் நில உடைமையாளருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே" என்று சிலர் வாதிடுவார்கள். மலபார் பகுதி நில உடைமையாளர்கள் தொடர்ந்த வழக்கில் 2013ஆம் ஆண்டு ஜூலையில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் உடைமை வேறு, எடுப்பதற்கான உரிமம் வேறு. உடைமையாளராக இருந்தாலும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றே எடுக்க வேண்டும். இன்னொன்று, கூடலூர், பந்தலூர் வட்டங்களில் நிலமே சிக்கலானது. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நிலச் சட்டத்தில் தோட்டக் குத்தகைகளைப் பற்றிய 17ஆம் பிரிவில் அடங்கும் நிலங்களா, பட்டா நிலங்களா, வனத்துறை வசம் உள்ளவையா என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கும். ஓடையோ பெரும்பாலும் உங்கள் பட்டாவில் இருக்காது. அது புறம்போக்காகவோ வனமாகவோ இருக்கும்.

வன உரிமைச் சட்டம், 2006, பழங்குடியினருக்குத் தரும் சிறு வனப்பொருள் உரிமையும் தாவரங்களிலிருந்து கிடைப்பவற்றை மட்டுமே குறிக்கிறது. தலைமுறை தலைமுறையாக அரித்தவர்களுக்கே இன்று சட்டப்படி இடமில்லை என்பது எனக்கு உடன்பாடான நிலை அன்று. கானாவில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் சிறு அளவுத் தங்கச் சுரங்க உரிமம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சிறு கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றவர் கைக்கருவிகளோடு தங்கம் தேடலாம். அத்தகைய ஏற்பாடு இங்கே இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஆயினும் இன்றுள்ள சட்டத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல முடியும்.

பதில்: பட்டறைக்காரர்

கோவையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். பாதரசம் பற்றிய உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே எழுதத் தோன்றியது. தயவுசெய்து அந்த நண்பரிடமிருந்து அதை வாங்காதீர்கள்.

பாதரசம் தங்கத்தைப் பற்றிக்கொண்டு பசை போன்ற கலவையாகும் என்பது உண்மைதான். அந்தக் கலவையைத் துணியில் பிழிந்து, பிறகு சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கினால் பஞ்சு போன்ற தங்கம் எஞ்சும். பாதரசம் கொதிப்பது சுமார் 357 பாகை செல்சியஸில். விறகடுப்புக்கு அது எளிய வெப்பம். ஆகவே எவரும் வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம், செய்கிறார்கள். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கைநடுக்கம், மறதி, சினம் என்று மெல்லத் தெரியவரும். கருவுற்ற பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஏற்படும் கேடு இன்னும் பெரியது. அடுப்பு ஆறிய பிறகும் கூரையிலும் சுவரிலும் படிந்தது மறுபடி மறுபடி ஆவியாகும்.

ஓடையில் சிந்துவது அதைவிட நீண்ட நாள் இருக்கும். சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, அது மீனில் சேர்ந்து மனிதருக்கு வரும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளித்தெரிந்த நோய்க்குக் காரணமானதும் மெத்தில் பாதரசம்தான். அந்த ஊரின் பெயரால் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதில் இணைந்தது. இன்று மனிதர் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தே வருகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. உங்கள் ஓடை கடைசியில் சாலியாற்றில் கலக்கிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கீழே எத்தனை ஊர்கள் அந்த நீரை நம்பியிருக்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பாதரசம் இல்லாமலும் வழி உண்டு. பிலிப்பைன்ஸின் பெங்குவெட் பகுதியில் சிறு சுரங்கக்காரர்கள் வெங்காரத்தையே (போராக்ஸ்) பயன்படுத்துகிறார்கள். கருமணலை நன்றாகக் கழுவிச் செறிவாக்கி, வெங்காரம் கலந்து மூசையில் உருக்கினால், மற்றக் கனிமங்கள் இளகிக் கசடாகி மேலே வர, தங்கம் அடியில் மணியாகத் திரளும். நம் பட்டறைகளில் தங்கத் தூளை உருக்கும்போது காலங்காலமாகச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். தங்கம் உருகும் 1064 பாகைக்கு நல்ல துருத்தி வேண்டும் என்பதையும், செறிவு குறைந்த மணலுக்கு இது பயன்படாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உறுதி செய்வதற்கு எளிய வழி உரைகல். கல்லில் உரைத்து வெடியக் காடி (நைட்ரிக் அமிலம்) வைத்தால் பித்தளையும் செம்பும் கரைந்து மறையும், தங்கத்தின் கோடு நிற்கும். காடி கையாளப் பழகியவரிடம் கொடுத்துப் பாருங்கள்; நீங்களே செய்ய வேண்டாம். ஒரு வேடிக்கை: பட்டறைகளின் தரையைக் கூட்டி வைக்கும் குப்பையை விலை கொடுத்து வாங்கிப் போய் அரிப்பவர்கள் உண்டு. உங்கள் ஓடையைவிட எங்கள் துடைப்பத்தில் தங்கம் அதிகம் என்றே நினைக்கிறேன்.

மறுமொழி: பந்தலூர்வாசி

மூவருக்கும் நன்றி. பாதரசத்தை மறுத்துவிட்டேன். ஓடையில் அரிப்பதும் வேண்டாம் என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் நெருடுகிறது. லண்டனிலிருந்து இத்தனை நிறுவனங்கள் வந்து முதலீடு செய்தன என்றால், ஓடையில் இல்லாவிட்டாலும் மலைக்குள்ளே நிறைய இருந்திருக்கத்தானே வேண்டும்? அக்கம்பக்கத்தில் சில இளைஞர்கள் இரவில் பழைய சுரங்கங்களுக்குள் சென்று கல்லைச் சாக்கில் கட்டி எடுத்துவந்து இடித்துக் கழுவுகிறார்கள். என்னையும் அழைக்கிறார்கள்.

பதில்: வெங்கச்சங்கல்

இந்தக் கேள்விக்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. லண்டனில் பங்கு வாங்கியவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள்.

தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட உங்கள் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டுதான் நீலகிரியோடு சேர்ந்தது. அதற்கு முன்பே, 1874இல், ஆல்ஃபா என்ற நிறுவனம் அங்கே வேலையைத் தொடங்கியிருந்தது. பெருவேட்கைக்கு வழிவகுத்தவர் பிரவ் ஸ்மித். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த அவரை இந்திய அரசு 1879இல் அழைத்து வயநாட்டை ஆராயச் செய்தது. மேற்பரப்பு நரம்புகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் நல்ல அளவு தங்கம் இருப்பதாக அவர் அறிக்கை சொன்னது. உடனே லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முளைத்தன. அவற்றின் பெயரளவு மூலதனம் 40 லட்சம் பவுண்டைத் தாண்டியது. இலை நோயாலும் தண்டுத் துளைப்பானாலும் நொடிந்து கிடந்த காப்பித் தோட்டங்களைத் தங்க நிலம் என்ற பெயரில் நம்ப முடியாத விலைக்கு வாங்கினார்கள். நரம்பு எப்படி இருக்கிறது என்று பாராமலே இடிப்பு எந்திரங்களைக் கப்பலில் ஏற்றி, கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர்க் கரையில் இறக்கி, மலையேற்றினார்கள். எந்திரம் ஓடியபோது டன்னுக்குக் கிடைத்த தங்கம் அறிக்கை காட்டிய அளவுக்கு அருகில்கூட வரவில்லை. சில ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாம் மூடப்பட்டன.

காரணம் பாறையிலேயே இருந்தது. மேற்பரப்பில் மழைநீர் பட்டு மட்கிய பகுதியில் பைரைட் சிதைந்து போனதால் தங்கம் விடுபட்டுக் கிடக்கும். இடித்தால் எளிதில் கிடைக்கும். சற்று ஆழத்தில், மட்காத பாறையில், தங்கத்தின் பெரும்பகுதி பைரைட்டுக்குள் சிறைப்பட்டிருக்கும். அதைப் பாதரசம் பற்றாது. அத்தகைய தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு முறைக்குக் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்றது 1887இல். அதற்குள் வயநாட்டு நிறுவனங்கள் ஓய்ந்துவிட்டன. பிறகு முயன்றவர்களுக்கும் நரம்பின் தரம் போதவில்லை. அதே காலத்தில், வயநாட்டு மோகத்தின்போது யாரும் பெரிதாக மதிக்காத கோலார் தங்கவயல் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. வேறுபாடு எந்திரத்திலோ உழைப்பிலோ இல்லை, நரம்பில் இருந்தது.

ஆகவே சாக்கில் கல் கொண்டுவரும் அந்த இளைஞர்களுக்குக் கிடைப்பது, நிறுவனங்கள் விட்டுச்சென்ற தூண்களிலும் ஓரங்களிலும் மிச்சமிருப்பது. சுரங்கக் கூரையைத் தாங்குவதும் அந்தத் தூண்கள்தான்.

பதில்: தங்கவயல்காரன்

கடைசி வரியை நான் தொடர்கிறேன். வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும் வரை எங்கள் வீட்டில் ஒருவராவது கீழே இறங்கிக்கொண்டிருந்தார். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம், காற்றோட்டம், மரத்தாங்கு, மீட்புக் குழு என எல்லா ஏற்பாடும் இருந்த இடத்திலேயே பாறை வெடித்து ஆட்களைக் கொண்டுபோனது. எந்த ஏற்பாடும் இல்லாத, ஒரு நூற்றாண்டு மழை ஊறிய பொந்துக்குள் இரவில் நுழைவதைப் பற்றி நான் என்ன சொல்ல?

மண் சரிவை எல்லாரும் அஞ்சுகிறார்கள். அதைவிட அஞ்ச வேண்டியது கெட்ட காற்று. மூடிக்கிடக்கும் குடைவில் அழுகும் மரமும், காற்றுப் படும் பைரைட்டும் உயிர்க்காற்றைத் தின்றுவிடுகின்றன. மணமோ எரிச்சலோ முன்னறிவிப்பாக வராது. கால் தளர்ந்து விழுவதுதான் முதல் அறிகுறி. தூக்கப் போகிறவரும் அங்கேயே விழுவார். தேவாலாப் பகுதியின் பழைய சுரங்கங்களில் இப்படி உயிர்கள் போயிருப்பது உங்கள் ஊரார் அறிந்ததே. மூன்றாவது, கல் இடிக்கும் தூசு. வெங்கச்சங்கல்லை உலர்நிலையில் இடித்தால் எழும் நுண்தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆகும். அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. எங்கள் தெருவில் இருமிக்கொண்டே நாற்பதைத் தாண்டாமல் போனவர்களை நான் அறிவேன். அந்த இளைஞர்கள் வீட்டுத் திண்ணையில் இடிக்கிறார்கள் என்றால் தூசு அவர்களுக்கு மட்டும் போவதில்லை.

அழைப்பை ஏற்காதீர்கள், தம்பி. உங்கள் தோட்டத்துக்கு அருகில் திறந்து கிடக்கும் சுரங்க வாய்கள் எங்கெங்கே உள்ளன என்று குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் எழுத்தில் கொடுத்து, வேலியோ கம்பிக் கதவோ போடச் சொல்லுங்கள். கான்கிரீட் வைத்து முழுதும் அடைப்பதற்கு முன், உள்ளிருந்து நீர் வெளியேறுகிறதா என்று பார்க்கச் சொல்வதும் நல்லது. வெளியேறும் நீரை அடைத்தால் அது வேறோர் இடத்தில் சரிவை உண்டாக்கும்.